மூன்று தடவை கேட்பவர்

வேலூரில் அந்த ஸ்கேன் சென்டரில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாள். வெள்ளைக் கோட்டுக்குப் பட்டன்கூட இன்னும் போடவில்லை, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார் ஸ்கேன் எடுக்கிற சார். சாப்பிட்டேன் சார் என்றேன். ஊசி டிரேயை எப்படி அடுக்குவது என்று காட்டிக்கொண்டே வந்தவர், நடுவில், "காலைல இன்னா டிபன்?" என்றார். இட்லி சார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, மருந்து ஏற்றும் மிஷினைத் துடைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் மூன்றாவது தடவை கேட்டார். "ஒடுகத்தூர்லேர்ந்து ஃபர்ஸ்ட் பஸ்ஸுக்கு வந்தேன்னு சொன்னியே. அவ்ளோ காலைல வீட்டுல யாரும்மா இட்லி ஊத்துனாங்க?"

எனக்கு மானமே போய்விட்டது. சாப்பிடல சார் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன்னுடைய டிபன் கேரியரின் மேல் அடுக்கைக் கழற்றி என் பக்கம் தள்ளினார். புளிச்சோறும் பொரித்த அப்பளமும் இருந்தது. அப்பளம் நமுத்துப் போயிருந்தது. அதுவரை அப்படி ஒரு பசியோடு நான் எதையும் சாப்பிட்டதில்லை.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை, அது ஏன் என்று கடைசியில் தெரியும். சி.டி. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, காதோரம் மட்டும் நரை. தினமும் அரக்கோணத்தில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வருவார். ஒரு நாளும் லேட்டாக வந்து நான் பார்த்ததில்லை.

எதையும் மூன்று தடவை கேட்பது அவர் வழக்கம். சென்டருக்கு எதிரே இருக்கிற டீக்கடையில்கூட, சர்க்கரை கம்மியா என்று ஒரு தடவை, கரண்டி போட்ட பிறகு ஒரு தடவை, டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு தடவை. கடைக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சார், நான் உங்களுக்கு டீ ஊத்தறனா, போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கறனா, ஒண்ணும் புரியல" என்றார். சார் அதற்கும், "அப்ப கம்மி தான?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார்.

எங்கள் சென்டரில் தலை, வயிறு, முதுகு எல்லாம் எடுப்போம். ஆனால் இதயத்துக்கு எடுக்கும் சி.டி.தான் அவருடைய உயிர். மற்றதெல்லாம் படுக்க வைத்தால் சும்மா கிடக்கும், இதயம் கிடக்காது. அது துடிக்கும்போதே, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் கிடைக்கிற கண்ணிமைக்கும் நேரத்தில், அதன் மேல் ஓடுகிற நூல் மாதிரி ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்க வேண்டும். நாடி எண்பது, தொண்ணூறு என்று ஓடினால் படம் ஆடிப்போகும். எங்கே அடைப்பு இருக்கிறதோ அந்த இடமே கலங்கித் தெரியும். அதனால் நாடியை அறுபது பக்கம் இறக்க ஒரு மாத்திரை. குழாய் விரிந்து நன்றாகத் தெரிய, நாக்குக்கு அடியில் இன்னொரு மருந்து. கை நரம்பில் ஊசி போட்டு, படத்தில் தெரிகிற மருந்து. அப்புறம் மூச்சை அடக்கச் சொல்லி, சில நொடியில் வேலை முடிந்துவிடும். தொடை வழியாகவோ கை வழியாகவோ குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன்னால், அது தேவையா இல்லையா என்று பல பேருக்கு இதிலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சில நொடிக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்தான் நிறைய. காபி குடித்தீர்களா, சர்க்கரைக்கு என்ன மாத்திரை, கிட்னி எப்படி, முன்பு இப்படி மருந்து ஏற்றி உடம்பெல்லாம் அரித்ததா, இழுப்பு உண்டா. வேறு யாராவது என்றால் ஃபார்மை வைத்துக்கொண்டு கடகடவென்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். சார் ஒரு தடவை ஃபார்ம் எழுதும்போது கேட்பார். இரண்டாவது தடவை நெஞ்சில் ஈ.சி.ஜி. வயர் ஒட்டும்போது. மூன்றாவது தடவை, மாத்திரையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகுதான் ஃபார்ம் டாக்டரின் கையெழுத்துக்குப் போகும்.

ஏன் சார் இப்படிப் படுத்துகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி. எங்கள் வீட்டிலேயே அதற்குப் பேர் போனவள் நான்.

"மொத தடவ, கூட வந்தவங்களுக்காகப் பதில் சொல்லுவாங்கம்மா. ரெண்டாவது, நான் ஒழிஞ்சா போதும்னு சொல்லுவாங்க. மூணாவது தடவ தான் அவங்க உடம்புக்காகச் சொல்லுவாங்க" என்றார்.

அவர் சொன்னது நிஜம்தான். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வேர்க்கடலை போடுகிற ஒரு பெரியவர் வந்தார். பைபாஸ் செய்து பல வருஷம் ஆனவர். ஒட்டுப் போட்ட குழாய்கள் இன்னும் ஓடுகின்றனவா என்று பார்க்க எழுதியிருந்தார்கள். காபி குடிச்சீங்களா ஐயா என்றதற்கு, தொடவே இல்லை என்றார். இரண்டாவது தடவையும் அதே. நாடியோ இறங்க மாட்டேன் என்கிறது. மூன்றாவது தடவை சார், "காலைலேர்ந்து தொண்டைக்குள்ள இன்னா இன்னா எறங்குச்சு, வரிசையா சொல்லுங்க" என்றார். பெரியவர் ரொம்ப நியாயமாக, "டீ தான் சார் குடிச்சேன். பஸ் ஸ்டாண்டுல ரெண்டு, இங்க வாசல்ல ஒண்ணு. நீங்க காபியத் தான கேட்டீங்க?" என்றார். சாயங்காலம் வரைக்கும் உட்கார வைத்துத்தான் எடுத்தோம். கடலைக்கு வாங்கிய மருந்து மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஆள் பெஞ்சிலேயே தூங்கிப்போனார்.

இன்னொருவர் தோல் பதனிடுகிற டேனரி முதலாளி, ஆம்பூர்ப் பக்கம். மனைவியோடு வந்தார். நாக்குக்கு அடியில் வைக்கிற மருந்துக்கு முன்னால், ஆம்பளைங்க சில பேர் போடுகிற அந்த வேறு மாத்திரையைப் போட்டிருந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிவிடும், ஆளே போய்விடலாம். சார் கேட்டார், முதலாளி முறைத்தார். திரும்பக் கேட்டார், முதலாளி எழுந்து போகப் பார்த்தார். சார் அந்த அம்மாவிடம் ரொம்பப் பணிவாக, "அம்மா, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வேணும், கீழ கடை இருக்கு" என்றார். அந்த அம்மா படி இறங்கியதும் மூன்றாவது தடவை கேட்டார். முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டு, "நேத்து" என்றார். அந்த மருந்தைக் கொடுக்காமலே எடுத்தோம். அந்த ஜெராக்ஸ் எதற்கு என்று அந்த அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது.

கேட்பதில் அப்படி ஒரு ஆள், பதில் சொல்வதில் கல். குழாயில் சுண்ணாம்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். தோல் ஊறவைக்கிற இடத்தில் வேலை செய்கிற ஒருவர், "தொட்டியில போட்ட சுண்ணாம்பு எல்லாம் எனுக்கு நெஞ்சுக்கு வந்துடுச்சா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பு உதட்டில்தான் இருந்தது. திரையில் வெள்ளை வெள்ளையாக இருந்ததை நானும் பார்த்தேன். சார் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "டாக்டர் சொல்லுவாரு" என்றார். அந்த ஆள் மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதே பதில். அவர் போன பிறகு எனக்குக் கோபமே வந்தது. இவர் மட்டும் மற்றவர்களைத் தோண்டித் தோண்டிக் கேட்கலாம், தன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதாமா? சொன்னேன். "கேக்கறது தாம்மா என் வேல. சொல்றதுக்கு வேற ஆளு இருக்காரு. நான் ஒண்ண சொல்லி, அவரு ஒண்ண சொன்னா, இந்த மனுசன் எத நம்புவான்?" என்றார்.

அவரால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கேஸ் குறையும். மேனேஜர் வந்து வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கும் சில நாள் பேஜாராகத்தான் இருக்கும். கடைசி பஸ் போய்விட்டால் எனக்குத்தானே கஷ்டம். ஆனாலும் அவர் இல்லாத நாளில் யாருக்காவது மாத்திரை கொடுக்க எனக்கு மனசே வராது. அந்த அளவுக்கு அவர் மேல் நம்பிக்கை.

இனி என் அண்ணன் கதை.

அண்ணனுக்கு ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலை. முடிந்த தோலுக்குக் கலர் ஸ்ப்ரே அடிக்கிற செக்‌ஷன். இரண்டு வருஷமாக அவருக்கு இழுப்பு இருந்தது. சோத்துப் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில், கர்ச்சீப்பில் சுற்றி, இழுப்புக்கு வாயில் வைத்து அடிக்கிற பம்ப்பு ஒன்று வைத்திருப்பார். அண்ணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. இழுப்பு என்று கம்பெனிக்குத் தெரிந்தால் ஸ்ப்ரேயிலிருந்து தூக்கிவிடுவார்கள். கூலி குறையும், வேலையே போனாலும் போகும். அண்ணனைப் போலச் சுற்றி வைத்திருக்கிறவர்கள் அந்த ஷெட்டிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பையை இன்னொருவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அந்த வருஷம் அண்ணனுக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்க ஆரம்பித்தது. டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்தார்கள், தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. இதயத்துக்கு சி.டி. எடுங்கள், அடைப்பு இருந்தால் மேற்கொண்டு பார்ப்போம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நம்ம சென்டர் இருக்கும்போது வேறு எங்கே போவது? நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். கம்பெனி இன்ஷூரன்ஸ். ஃபார்மில் ஒரு காப்பி கம்பெனிக்குப் போகும்.

படி ஏறும்போது அண்ணன் மெதுவாக, "பாப்பா, இழுப்பு பத்தி எழுதிட்டாங்கன்னா போச்சு" என்றார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வாய மூடிக்கினு இரு" என்றேன்.

சார் அண்ணனை மரியாதையாக உட்கார வைத்தார். ஃபார்ம் எழுதும்போது கேட்டார். "இழுப்பு, ஆஸ்துமா ஏதாச்சும்?" இல்ல சார் என்றார் அண்ணன். மூச்சடக்கிப் பழக்கினார். டேனரி ஆட்களுக்கு மூச்சடக்கக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம் என்று சார் எப்போதும் சொல்வார், அந்த நாற்றத்தில் பழகியவர்கள். அண்ணனும் நன்றாகத்தான் அடக்கினார். விடும்போது இருமினார். சார் வயரை ஒட்டிக்கொண்டே, "இன்னா இருமல்? மூச்சு வாங்குமா, பம்ப்பு ஏதாச்சும் அடிக்கறீங்களா?" என்றார். "தூசி சார். பம்ப்பெல்லாம் இல்ல." நாடி தொண்ணூறுக்குப் பக்கத்தில் ஓடியது.

சார் மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அண்ணன் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும், மூன்றாவது தடவைக்கு அண்ணன் தாங்க மாட்டார். உண்மையைச் சொல்லிவிடுவார்.

நான் குறுக்கே புகுந்தேன். "சார், எங்க அண்ணன் சார். எனுக்குத் தெரியாதா? நீங்க கேட்டுக் கேட்டே அவருக்குத் துடிப்ப ஏத்தி வுட்றீங்க." ரூமில் இருந்த ஆயாம்மா சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். சார் என்னைப் பார்த்தார். ஒரு நொடி யோசித்தார் போலிருக்கிறது. பிறகு அவரும் சிரித்துவிட்டு, "சரி, தங்கச்சி நர்ஸு, அப்புறம் இன்னா" என்று சொல்லி ஃபார்மை டாக்டரின் கையெழுத்துக்கு அனுப்பினார். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தது இந்தக் கைதான்.

எனக்கு மட்டும் அந்த மாத்திரை இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்று தெரியாதா? தெரியும். ஒரு மாத்திரை என்ன செய்துவிடப்போகிறது என்று நினைத்தேன். இரண்டு மாதமாக அண்ணன் பம்ப்பைத் தொடவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இழுப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்க வேறு மாத்திரை இருக்கிறது. அதே அலமாரியில், அதே தட்டில், இடது பக்கம். உண்மையைச் சொல்லி, இன்ஷூரன்ஸ் வேண்டாம், நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றிருந்தால் முடிந்தது. அது அப்போது தோன்றவில்லை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வெயிட்டிங் ஹாலில் அண்ணன் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். முதலில் தரையைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனால் நெஞ்சில் விசில் சத்தம். உதடு நிறம் மாறியிருந்தது. என்னைப் பார்த்த கண்ணில் இருந்த பயத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சார் உள்ளேயிருந்து ஓடி வந்தார். நான் அதற்குள் நாற்காலிக்கு அடியில் இருந்த சோத்துப் பையை இழுத்து, டப்பாவை வெளியே தள்ளிவிட்டு, கர்ச்சீப்பைப் பிரித்து, பம்ப்பை எடுத்து அண்ணன் வாயில் வைத்து அடித்தேன். பையில் தேடவில்லை. கை நேராக அங்கேதான் போனது.

சார் அதைப் பார்த்தார். பம்ப்பைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்.

ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்ணன் பிழைத்துக்கொண்டார். நாலு நாள் படுத்திருந்தார். கொஞ்ச நாள் கழித்து, வேறொரு இடத்தில், அந்த இன்னொரு மாத்திரையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். முன்பக்கத்துப் பெரிய குழாயில் நிஜமாகவே அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு கம்பெனிக்குப் போனது, இழுப்பும் தெரிந்துபோனது. இப்போது அதே கம்பெனி குடோனில் இருக்கிறார். கூலி கம்மிதான். எதை மறைக்க அத்தனை பாடு பட்டோமோ, அது ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

சென்டர் முதலாளி விசாரணை வைத்தார். ஃபைலை எடுத்துக்கொண்டு நானும் அந்த ரூமில் நின்றிருந்தேன்.

"எத்தனை தடவை கேட்டீங்க?" என்றார் முதலாளி.

"ரெண்டு தடவ சார்."

"மூணு தடவை கேக்கற ஆளாச்சே நீங்க. அன்னிக்கு ஏன் கேக்கல?"

நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன், சொல்லக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

"மறந்துட்டேன் சார்" என்றார்.

டீயில் சர்க்கரை கம்மியா என்று கேட்கக்கூட மறக்காதவர். முதலாளி என் பக்கம் திரும்பி, உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். கேட்கத் தெரியாதவர்.

அந்த மாசக் கடைசியில் சாரைப் போகச் சொல்லிவிட்டார்கள். கிளம்புகிற அன்று டிபன் கேரியரைத் துடைத்துப் பையில் வைத்தார். தட்டில் இடது பக்கம் இருக்கிற மாத்திரைக்குத் தேதி முடியப்போகிறது, மாற்றிவிடு என்று என்னிடம் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வாய் ஜாஸ்தி என்று பேர் வாங்கியவள்.

எட்டு வருஷம் ஆகிறது. நான் இப்போது அதே சென்டரில் சீனியர். ஃபார்மை மாற்றிவிட்டார்கள், இழுப்பு உண்டா என்ற கேள்வி அதில் மூன்று இடத்தில் அச்சாகியிருக்கிறது. புதிதாக வந்திருக்கிற டெக்னீஷியன் மூன்றையும் ஒரே இழுப்பில் டிக் அடிக்கிறான். அதனால் நான் போய் வாயால் கேட்கிறேன். மூன்று தடவை. இந்த அம்மாவுக்கு மூளை குழம்பிடுச்சு என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

போன மாசம் அண்ணியைப் பெங்களூர் வண்டி ஏற்றிவிடக் காட்பாடி போயிருந்தேன். வண்டி கிளம்பிய பிறகு நான் திரும்பி வரும்போது, பிளாட்பாரத்தில் பெஞ்சில் சார் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மடியில் அதே டிபன் கேரியர். அரக்கோணம் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்ரே கிளினிக்கில் இருப்பதாகச் சொன்னார். ஏதோ பிலிம் வாங்க வேலூர் வந்தாராம். அண்ணன் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் சார் என்றேன். ஸ்டென்ட் வைத்ததைச் சொன்னதும் அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது.

டிபன் கேரியரை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "அந்த பம்ப்பு பைல இருக்கறது, உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

எட்டு வருஷமாக இதற்குத்தான் பதிலை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் வந்தது வேறு. "இல்ல சார். அன்னிக்குத் தான் பாத்தேன்."

தலையாட்டினார். ரயில் பதினைந்து நிமிஷம் லேட்டு, இப்போதெல்லாம் இந்த வண்டியில் உட்கார இடமே கிடைப்பதில்லை என்றெல்லாம் பேசினார். வண்டி வருவதாக அறிவித்தார்கள். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே, "அண்ணனுக்கு எத்தினி வருசமா இழுப்பு?" என்றார்.

"சரியா தெரியல சார்" என்றேன்.

வண்டி வந்து நின்றது. கூட்டத்தில் ஏறி, ஜன்னல் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் நாடி எனக்கே காதில் கேட்டது. மூன்றாவது தடவை கேட்கப்போகிறார். கேட்டதும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரியும் சார், நான்தான் சார் உங்களைக் கேட்கவிடாமல் செய்தேன், நான்தான் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

சாப்பிட்டேன் சார் என்றேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வண்டி நகர்ந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை.